காட்டுக்குள் போன இடதுகால் ஷூ

போன தை மாதம் ஜவ்வாது மலையில் நடந்தது இது. மந்தைவெளிப் பூங்காவில் தினமும் காலையில் நடக்கும் கூட்டம் நாங்கள். நடையைவிட அரட்டைதான் அதிகம். அந்தக் கூட்டத்துக்குத் திடீரென்று வீரம் வந்து, மலையும் காடுமாக மூன்று நாள் நடைப்பயணம் என்று முடிவாயிற்று.

என் கணவர் மயிலாப்பூர் மாட வீதியிலேயே எனக்குப் பத்துக் கடை முன்னால் போகிறவர். நானோ லஸ் முனைக்கே ஆட்டோ பிடிப்பவள். "காட்டுல ஆட்டோ வராது, யோசிச்சுக்கோ" என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கடைசி வரை சொந்தக் காலில் நடந்தே தீருவது என்று சபதம் போட்டு, புது ஷூவும் வாங்கிக் கிளம்பிவிட்டேன்.

இரண்டாம் நாள் மதியம். மூச்சு வாங்க ஏறி, உச்சியில் இருந்த சின்ன முருகன் கோயிலை அடைந்தோம். வழிகாட்டியாக வந்த மலைக்காரர், "முடியாதவங்க இங்கேருந்து ஜீப்புல இறங்கிடலாம். மத்தவங்க இருட்டுறதுக்குள்ள காட்டைத் தாண்டணும்" என்றார். கணவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

கோயில் என்றால் செருப்பைக் கழற்ற வேண்டும். கழற்றினால் ஜோடியாக விடக் கூடாது. சென்னைக்காரிக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம். ஒற்றைச் செருப்பை எந்தத் திருடன் எடுப்பான்? வலது ஷூவைப் படியோரம் விட்டேன். இடதைக் கொஞ்சம் தள்ளி, ஒரு மஞ்சள் பூச்செடிக்குள் திணித்துவிட்டு நிம்மதியாகச் சாமி கும்பிட்டேன்.

வெளியே வந்து பார்த்தால், எங்கள் கூட்டமே ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு புதர் புதராகத் தேடுகிறது! திருவான்மியூரில் ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் பாறை இடுக்கிலிருந்து தன் ஷூவை உருவிக்கொண்டே, "இன்னாக்கா, நீயும் நம்ம கேசா? வடபழனி கோயில்ல எவ்ளோ செருப்பு உட்டுகீறேன் தெரியுமா?" என்றார்.

எல்லோருக்கும் கிடைத்தது, எனக்கு மட்டும் இல்லை. வைக்கும்போது ஒரே ஒரு மஞ்சள் பூச்செடிதான் என் கண்ணில் பட்டது. இப்போது பார்த்தால் மலைச்சரிவு முழுக்க மஞ்சள் பூ! மூடுபனி வேறு இறங்க ஆரம்பித்தது. எல்லோரும் புதர்களை விலக்கித் தேடினார்கள். வழிகாட்டியால் மட்டும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இந்த மலையில செருப்பு திருடணும்னா, திருடன் பஸ் புடிச்சுதாம்மா வரணும்! நேரமாச்சு, நீங்க ஜீப்புல போயிடுங்க."

ஒற்றை ஷூவோடு படியில் உட்கார்ந்து அழுதேவிட்டேன். இனி ஆயுசுக்கும் கணவர் இதைச் சொல்லிக் காட்டுவாரே என்று நினைத்தபோது, அவர் தன் பையைக் குடைந்து, குளியலறைக்குப் போட்டுக்கொள்ளும் ரப்பர் செருப்பில் இடதை எடுத்தார். என் காலில் அது படகு மாதிரி இருந்தது. கைக்குட்டையால் இறுகக் கட்டிவிட்டு, "ம்... எழுந்திரு. ஜீப்பெல்லாம் வேணாம்" என்றார்.

வழுக்குப் பாறையில் என் கையைப் பிடித்தவர், அடிவாரம் வரை விடவேயில்லை. செருப்பு பளக் பளக் என்று அடிக்க, கடைசி ஆளாகத்தான் இறங்கினோம். ஆனால் நடந்தே இறங்கினோம். அவர் என் கூடவே நடந்தது அன்றுதான். கல்யாணத்தில் அக்கினியைச் சுற்றியபோதுகூட அவர் முன்னால்தான் போனார்!

இப்போதும் மாட வீதியில் பத்துக் கடை முன்னால் போகிறார். ஆனால் திருப்பம் வந்தால் நின்று, கையை நீட்டுகிறார். நானும் கோயிலுக்குப் போனால் இரண்டு செருப்பையும் சேர்த்தே விடுகிறேன். திருட்டுப் போனாலும் ஜோடியாகவே போகட்டும்; அந்த மலையில் ஒன்றும் என் வீட்டு அலமாரியில் ஒன்றுமாகக் கிடப்பதை நினைத்தால், இன்றும் எனக்கு மனசு கேட்பதில்லை.