அண்ணனுக்கு முடி கொட்டிய வருஷம்

எங்கள் ஐயாவுக்கு உச்சந்தலையில் ஒரு மயிர் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டில் டவாலிச் சேவகராக இருந்ததால் பகலெல்லாம் தலைப்பாகை கட்டியிருப்பார். அவரது வழுக்கையைப் பார்த்தவர்கள் வீட்டில் இருந்த நாங்களும், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எங்களோடு உட்கார்ந்தவர்களும்தான். ஆண்கள் தலையை மூடிக்கொண்டு ஜெபத்துக்கு உட்காரக்கூடாது என்பது எங்கள் சபை வழக்கம். ஐயா வாசற்படியிலேயே தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போவார். அதற்காக அவர் கூசி நான் பார்த்ததில்லை.

அண்ணனுக்கு நல்ல அடர்த்தியான முடி. அந்தக் காலத்துப் பையன்களைப் போல கிராப்பு வெட்டி, பக்கவகிடு எடுத்திருப்பான். ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மில்லில் வேலை. தினமும் சைக்கிளில் போய் வருவான். சாயங்காலம் வரும்போது புருவமும் மீசையும் தலையும் பஞ்சுத் தூசியில் நரைத்துக் கிடக்கும். வந்ததும் சாப்பாடுகூடக் கேட்க மாட்டான், முதலில் தலையைத்தான் அலசுவான். காய்ந்த பிறகு எண்ணெய் தடவி, சீப்பை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போவான்.

அவனுக்கு இருபத்திரண்டோ இருபத்து மூன்றோ இருக்கும். ஒருநாள் தோட்டத்துக் கிணற்றில் கூட்டாளிகளோடு குதித்து நீந்திக்கொண்டிருந்தான். நானும் இருந்தேன். தண்ணீருக்குள்ளிருந்து அவன் எழுந்தபோது முடி கற்றை கற்றையாக ஒட்டிக்கொண்டது. நடுவில் தோல் வெள்ளையாகத் தெரிந்தது. படியில் உட்கார்ந்திருந்தவன் ஒருவன், "என்னலே, உச்சியில நிலா வெளிச்சம் அடிக்கி!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். ஆனால் அதற்குப் பிறகு அவன் அந்தக் கிணற்றுக்கு வரவில்லை. வீட்டுப் புறக்கடையில், கதவைச் சாத்திக்கொண்டு குளித்தான்.

முடி கொட்டுவதற்கு ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அம்மாவுக்கு மில் மேல்தான் கோபம். "அந்தப் பஞ்சு மயிர்க்கால அடைச்சுப்போடுது" என்பாள். பக்கத்து வீட்டார் கிணற்று உப்புத் தண்ணீர் என்றார்கள். ஐயா மட்டும், "எங்க ஐயாவுக்கும் இப்படித்தான், எனக்கும் இப்படித்தான். இதுல மில்லு என்ன செய்யும்?" என்று விட்டுவிட்டார். அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். அண்ணனுக்கு அது தீர்ப்பு மாதிரி விழுந்திருக்க வேண்டும். ஐயா கோர்ட்டிலிருந்து வந்து தலைப்பாகையை அவிழ்க்கும்போது அவன் எழுந்து வெளியே போய்விடுவான்.

அம்மா கரிசலாங்கண்ணிச் சாற்றை எண்ணெயில் காய்ச்சித் தேய்த்தாள். சின்ன வெங்காயத்தை நறுக்கி உச்சியில் சிவக்கச் சிவக்கத் தேய்த்தாள். அந்த வாடை போகாமல், மில்லில் பக்கத்தில் நிற்பவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்று அண்ணன் சொன்னான். முடிவெட்டுகிறவர் ஒரு தடவை முழுசாக மழித்துவிட்டால் திரும்ப அடர்த்தியாக வரும் என்றார். அதற்கு ஐயா சம்மதிக்கவில்லை.

"நான் உசுரோட இருக்கையில மொட்டத் தலையோட தெருவுல போவியா? டவாலி செத்துட்டாரான்னு கேப்பாவ."

அந்தச் சமயத்தில்தான் அண்ணனுக்குப் பெண் அமைந்தது. ராஜபாளையத்துப் பெண், பள்ளிக்கூட வாத்தியார் மகள். நிச்சயமும் முடிந்தது. நிச்சயத்தன்று அண்ணன் ஒரு பக்கத்து முடியை நீளமாக விட்டு, உச்சிக்கு மேல் கொண்டுபோய்ப் படிய வாரியிருந்தான். மின்விசிறியெல்லாம் இல்லாத வீடு, ஆனாலும் காற்று வந்த பக்கம் உட்காராமல் சுவரோரமாகவே இருந்தான்.

கல்யாணம் நெருங்க நெருங்க அவனுக்குத் தூக்கம் குறைந்தது. ஒருநாள் என்னிடம் சொன்னான்.

"கல்யாணத்தன்னைக்குக் கோயில்ல தலையில ஒண்ணும் போட முடியாதுலே. முன்னால முழங்கால் போட்டுத் தலையக் குனியணும். பின்னால இருக்கிற அம்புட்டுப் பேரும் என் உச்சியத்தான் பார்ப்பாவ. அவளும் பக்கத்துலதான் இருப்பா."

"பார்த்தா பார்க்கட்டும்ணே" என்றேன்.

எங்களில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை சொல்ல யாராவது உண்டா என்று பாதிரியார் சபையாரைக் கேட்பார். அண்ணனுக்கு முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. அதற்கு அடுத்த நாள் அவன் வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வரவில்லை. ராஜபாளையம் சந்தையில் துணி விரித்து, குப்பிகளை அடுக்கி வைத்து விற்ற ஒரு வைத்தியனிடம் போயிருக்கிறான். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. வைத்தியன் அவனை உட்காரவைத்து உச்சியிலும் நெற்றியோரத்திலும் கறுப்பாக ஒரு தைலத்தைப் பூசி, துணியால் இறுக்கிக் கட்டி, மறுநாள் வரை அவிழ்க்கக்கூடாது என்று அனுப்பியிருக்கிறான். எரியும், எரிந்தால் வேர் முழிக்கிறது என்று அர்த்தம் என்றும் சொல்லியிருக்கிறான்.

எரிந்தது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு விடியும் வரை கிடந்திருக்கிறான். அம்மா எழுப்பப் போனபோது அவன் முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. இரண்டு கண்ணும் மூடிவிட்டன. தலைத்துணியின் ஓரத்தில் நீர் வடிந்து காதுக்குள் இறங்கியிருந்தது. "அம்மா, அவுக்காத. இன்னும் நேரம் ஆகல" என்றான்.

மாட்டுவண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். துணியை நனைத்து நனைத்து எடுத்தபோது தோலும் கூடவே வந்தது. கம்பவுண்டர் துணியை முகர்ந்து பார்த்துவிட்டு, "சேங்கொட்டைய்யா. வண்ணான் துணிக்குக் குறி போடுற கொட்டை. இத எவன் தலையில வச்சான்?" என்று கேட்டார். ஐயா அன்றைக்கே ராஜபாளையம் போய்த் தேடினார். அந்த ஆள் கடையைக் கட்டிக்கொண்டு போயிருந்தான். எந்த ஊர்க்காரன் என்று சந்தையில் யாருக்கும் தெரியவில்லை.

புண் சீழ் வைத்தது. காய்ச்சல் விடவில்லை. அம்மா கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து ஈ ஓட்டினாள். பெண்ணின் தகப்பனாரும் தாய்மாமனும் பார்க்க வந்தார்கள். கட்டிலின் கால்மாட்டில் நின்றார்கள், உட்காரவில்லை. அண்ணனுக்குக் கண் அப்போது சற்றுத் திறந்திருந்தது. வாங்க என்று சொல்ல முயன்றான். அவர்கள் அவன் தலையையே பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்கள்.

ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் பெண்ணின் தகப்பனார் எங்கள் ஐயாவிடம் கேட்டார்: "உள்ளதச் சொல்லுங்க. முடி முந்தியே கொட்டிட்டு இருந்துச்சாமே. பெருவியாதி, குஷ்டம்னு ஏதும்..."

"கம்பவுண்டர்ட்ட கேட்டீயள்லா?"

"கேட்டோம். மருந்து பட்டுப் புண்ணாப் போச்சுங்கார்."

"பொறவென்ன?"

வாத்தியார், "பொம்பளப்புள்ளயப் பெத்தவன் நான்" என்று மட்டும் சொல்லிப் போனார்.

அந்த ஞாயிறு நான் அம்மாவோடு ஆராதனைக்குப் போயிருந்தேன். பாதிரியார் ஓலைக் காகிதத்தை எடுத்தார். இன்னொரு வீட்டுக் கல்யாணத்துக்கு மட்டும் வாசித்தார்; அண்ணனுக்கு இரண்டாம் ஓலை வாசிக்கவில்லை. காகிதத்தை மடித்து வேதப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, பாட்டின் எண்ணைச் சொன்னார். பெண்கள் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாரும் எழுந்து பாடியபோது அம்மா உட்கார்ந்தபடியே இருந்தாள்.

அண்ணன் பிழைத்து வீட்டுக்கு வந்தான். உச்சியில் தோல் மினுமினுப்பாக, மேடும் பள்ளமுமாக ஆறியிருந்தது. சுற்றிலும் திட்டுத் திட்டாகக் கொஞ்சம் முடி. மில்லில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தான். பானையில் மொண்டு குடிக்க அவனுக்கு மட்டும் தனியாக ஒரு தகரக் குவளையை யாரோ வைத்துவிட்டார்கள். யார் வைத்தது என்று அவன் கேட்கவில்லை. அதிலேயே குடித்தான். தேவாலயத்துக்கு வருவதை மட்டும் அடியோடு நிறுத்திவிட்டான். ஒரு ஞாயிறு காலை ஐயா அவன் முன்னால் வந்து நின்றார்.

"எனக்குந்தாம்லே முடி இல்ல. வா, எம் பக்கத்துல உட்காரு."

"ஒங்களுதப் பார்த்தா வயசுன்னு நெனப்பாவ. என்னுதப் பார்த்தா நோயின்னு ஒதுங்குவாவ. நீங்க போங்க ஐயா."

ஐயா போனார். அதன் பிறகு அவனைக் கூப்பிடவில்லை.

யுத்தம் வந்து பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது அண்ணன் மதுரைக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். வந்த மறுநாளே முடிவெட்டுகிறவரிடம் போய், இருந்த கொஞ்ச முடியையும் முழுக்க மழித்துக்கொண்டான். ஐயா பார்த்துவிட்டுத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு கோர்ட்டுக்குக் கிளம்பினார். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து அவன் தலையைக் கண்டு கேட்ட பிறகுதான் அவளுக்குப் பட்டாள விஷயமே தெரிந்தது. அழுதாள். "எம்புட்டுத் தூரம்லே போவ?" என்று கேட்டாள்.

"தூரந்தாம்மா. அங்க எல்லாருக்கும் தொப்பி குடுப்பாவ" என்றான்.

தொப்பியோடு ஒரு போட்டோ வந்தது. அதில் அவன் பழைய அண்ணனாக இருந்தான், கன்னம்கூடச் சதை பிடித்திருந்தது. பிறகு மலாயாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்ததோடு தகவல் நின்றுபோனது. ஆளைக் காணவில்லை என்று சர்க்காரிலிருந்து ஒரு கடிதம், அவ்வளவுதான். யுத்தம் முடிந்த பிறகு, அவனோடு ஒரே முகாமில் சிறை இருந்த ராஜபாளையத்துக்காரர் ஒருவர் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். அண்ணன் வயிற்றுப்போக்கில் இறந்ததையும், ரப்பர்த் தோட்டத்து ஓரத்தில் புதைத்ததையும் ஐயாவைப் பார்த்துச் சொன்னார். ஐயா தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அவன் தலையப் பார்த்து அங்க யாரும் ஒதுங்குனாவளா?"

வந்தவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மெதுவாகச் சொன்னார்: "பேனுக்குப் பயந்து எல்லாருமே மழிச்சிருந்தோம்மா. அங்க தலைய யாரு பார்த்தா? சோத்துச் சட்டியத்தான் பார்த்தோம்."

எனக்கு அதற்கு முன்பே முடி கொட்ட ஆரம்பித்திருந்தது. நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. எழுதிக்கொண்டிருக்கும் காகிதத்தில் ஒன்றிரண்டு விழும், ஊதிவிட்டு எழுதுவேன். பயம் இல்லை என்று சொல்ல முடியாது. கண்ணாடி முன்னால் அண்ணனைப் போலவே ஒரு பக்கத்து முடியை இழுத்து வாரிப் பார்த்திருக்கிறேன். வாரியதும் அவன் முகம் எனக்கு வந்துவிட்டது. மறுநாள் கடைக்குப் போய் ஒட்ட வெட்டச் சொன்னேன். முடிவெட்டுகிறவர், கொஞ்சம் நீளமாக விட்டால் மறைத்துக் காட்டலாமே என்றார். வேண்டாம் என்றேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என் தலையைப் பார்த்தாள். சுளகு கையிலிருந்து நழுவி அரிசியெல்லாம் கொட்டிப்போனது.

"நீயும் பேரு குடுத்துட்டியா? ஏலே, நீயும் போறியா?"

"இல்லம்மா. யுத்தம் முடிஞ்சிட்டு. முடி கொட்டுது, அதான் வெட்டுனேன்."

அவள் நம்பவில்லை. ஐயா வந்து சொல்லியும் நம்பவில்லை. பல நாள் நான் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் தெருமுனை வரை கூடவே வந்தாள். நான் மதுரை பஸ் நிற்கும் பக்கம் திரும்பாமல் கோர்ட்டுப் பக்கம் திரும்புகிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

எனக்குப் பெண் பார்த்தபோது இரண்டு இடம் தட்டிப்போனது. அந்த வீட்டில் பெருவியாதி என்று யாரோ இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது இடம் கூமாப்பட்டிப் பக்கம், விவசாயக் குடும்பம். பெண்ணின் தகப்பனாரிடம் நானே போய், குல்லாவோ துண்டோ இல்லாமல் வெயிலில் நின்று, அண்ணனுக்கு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர், "தண்ணி குடிக்கீயளா?" என்று கேட்டு, தான் குடித்த செம்பிலேயே எனக்கும் கொடுத்தார். கல்யாணம் நடந்தது.

முதல் பையன் தலை நிறைய முடியோடு பிறந்தான். பார்க்க வந்தவர்கள் எல்லாம் அதைத்தான் பேசினார்கள், கைநிறைய அள்ளலாம் போல இருக்கே என்று ஒருத்தி சொன்னாள். அம்மா பிள்ளையை வாங்கித் தலையைத் துணியால் மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "முடியப் பத்தி இந்த வீட்டுல யாரும் பேச வேண்டாம்" என்றாள். வந்திருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பேச்சை மாற்றினார்கள்.