சேற்றுக்கு ஒரு தலைவர்

எனக்கு எழுபத்திரண்டு வயது. வளர்த்தது ஐந்து பேரை. நாலு பேர் மீனை நம்பிப் பிழைக்கிறார்கள். கடைக்குட்டி மட்டும் சேற்றை நம்பிப் போனாள். தரமணியில் கண்ணாடி வைத்த ஆபீஸ். ஆற்றின் அடியில் படிந்த சேற்றை எடுத்துப் பார்த்து, எதில் விஷம் இருக்கிறது, எங்கே தூர்வாரலாம் என்று சொல்வது அவர்கள் தொழில்.

பதினோரு வருஷம் முழங்கால் சேற்றில் நின்றவள். அவளுடைய சேற்றுப் பிரிவுக்குத் தலைமைப் பதவி வந்தபோது அவளுக்குத்தான் என்று இருந்தேன். அவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிட்டால் ஆபீஸின் மரியாதை என்னாவது? போட்டி வைத்தார்கள். அடையாறு கடலில் சேரும் இடத்தில் ஆளுக்கு ஒரு கரை, ஆளுக்கு ஓர் அறிக்கை. எங்கள் குப்பத்துப் பக்கம் அவளுக்குச் சொந்த ஊராம், சலுகையாகிவிடுமாம். அதனால் அவளுக்கு எதிர்க்கரை. எங்கள் கரை, நேற்றைக்குச் சேர்ந்த ஒருவருக்கு. இங்கிலீஷ் நன்றாகப் பேசுவாராம்.

அவர் வந்த அன்று நான் மீன் கூடையோடு அங்கேதான் இருந்தேன். வெள்ளை ஷூ. தண்ணீரில் இறங்கவே இல்லை. முந்தின வாரம் பொக்லைன் முகத்துவாரத்தில் தோண்டிக் கரையில் கொட்டிய குவியலைக் கரை என்றே நினைத்து, அதிலிருந்து டப்பா டப்பாவாக நிரப்பினார். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"பாட்டி, ஓரமா போங்க. சாம்பிள் எடுக்கறோம்."

ஓரமாகப் போனேன். படித்தவர் சொன்னால் கேட்க வேண்டாமா?

வீட்டுக்கு வந்து, பார்த்ததைச் சொல்லி, நீ ஜெயித்துவிட்டாய் என்று மகளிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அவள் போனை எடுத்தாள்.

"இன்னாடி பண்றே?"

"அவருக்குச் சொல்றேம்மா. அது கடல் வாய்ல தோண்டுன மண்ணு, விஷம் இல்லன்னு காட்டும். அத்த நம்பித் தோண்டுனா நம்ம ஆத்துல விஷம் கலங்கும்."

"கலங்கட்டும். பதவி போய்க்கினு கீது, உனுக்கு மண்ணு பெர்சா?"

"அந்த ஆத்து மீன விக்கிறது யாரு? நீதான?"

நான் கூடையைக் கழுவப் போனேன்.

அவர் மறுபடி வந்து எடுத்துப்போனார். தன் தவறைத் தானே திருத்திக்கொண்ட நேர்மை என்று கூட்டத்தில் கைதட்டல். பதவி அவருக்கு. என் மகளுக்கு ஒரு பூங்கொத்து, ஒத்துழைத்ததற்காம். மீன் கூடைமேல் வைத்தேன். ஈக்கள் அதையும் மதிக்கவில்லை.

போன வாரம் புதுத் தலைவர் ஸ்வீட் டப்பாவோடு வந்தார். காலில் ரப்பர் பூட்ஸ்.

"அம்மா, எங்க எறங்கணும்?"

பாட்டியாக இருந்தவள் அம்மாவாகியிருந்தேன். என் மகள் ஆற்றில் இடுப்பளவு நின்றுகொண்டிருந்தாள்.

"அதோ நிக்கிறா பாரு நைனா, உங்க தலைவி. அவளாண்ட கேளு."

தண்ணீரில் இறங்கினார்.

இவ்வளவையும் எழுத்துக்கூட்டி எழுத நாலு நாள் ஆயிற்று. மகள் வயிற்றுப் பேத்தியைக் கூப்பிட்டிருக்கிறேன். "இப்டி குந்து கண்ணு. உங்கம்மா கால் கழுவிக்கினு கீறா, உள்ள வரட்டும். அப்பால படி. தலைவின்னு நான் எழுதிகீற எடத்துல மட்டும் சத்தமா."