காதுக்குள் ஓடிய ராட்டை

காய்ச்சலைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். அந்தத் தெரிதல் நாசமாய்ப் போக! தெரியாமல் இருந்திருந்தால் என் தங்கை இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பாள்.

யுத்த காலம். ராசிபுரத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. அப்பா நெய்வார். நானும் தங்கையும் ராட்டையில் நூல் சுற்றிக் கொடுப்போம். கல்யாணத்துக்குப் பேசிக்கொண்டிருந்த பெண் அவள். அந்தத் தை மாதம் முட்டி இரண்டும் வீங்கி, காய்ச்சலில் படுத்துவிட்டாள். பார்க்க வந்த தாய்மாமன் சூரமங்கலத்தில் ரயில்வே வேலையில் இருந்தவர். ஒரு சீசா ஆஸ்பிரின் மாத்திரை கொண்டுவந்தார்.

"எங்க ஆபீசுல தலவலி, மேலுவலி எல்லாத்துக்கும் இதானுங்க மச்சான். ஒண்ணு போட்டாப் போதும், வலி ஓடிரும்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மாமா பொய் சொல்லவில்லை. வலி குறைந்தது. அதோடு வேர்த்துக் கொட்டியது. அம்மா முந்தானையால் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டு, "வேத்துருச்சு சாமி, காச்சல் உட்டுருச்சு!" என்று கும்பிட்டாள். எங்கள் பக்கத்தில் காய்ச்சல் வேர்வை வழியாகத்தான் இறங்கும். அதில் யாருக்கும் சந்தேகமே கிடையாது.

மாமா வலிக்குக் கொடுத்தது அன்றோடு வேர்வை மருந்தாகிவிட்டது. உடம்பு சுட்டால் ஒன்று, வேர்வை அடங்கினால் இன்னொன்று என்று தேனில் குழைத்து அம்மா தங்கை நாக்கில் தடவினாள். அவள் தண்ணீருக்குக் கெஞ்சினாள். "காச்சக்காரிக்குப் பச்சத்தண்ணி ஆவாது சாமி" என்று சுக்கு வெந்நீரில் உதட்டை நனைத்துவிட்டார்கள். என்ன கொடுமை!

ஒருநாள் மத்தியானம் அவள் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, ஆரு ராட்ட சுத்தறது? நிறுத்தச் சொல்லு, காது இரையுது" என்றாள். ராட்டை சுவரோரம் சும்மா கிடந்தது. அப்பா மட்டும்தான் நெய்துகொண்டிருந்தார். தறிச் சத்தம்தான் பிள்ளையைப் படுத்துகிறது என்று நினைத்து அப்படியே தறிக்குழியிலிருந்து எழுந்து வந்துவிட்டார். அப்போதும் அவள் காதைப் பொத்திக்கொண்டு, "ஓடுதேப்பா" என்றாள்.

அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். "புள்ளைக்குத் தறிச் சத்தம் ஆவலீங்க. காச்சல் உடற வரைக்கும் கொஞ்சம் நிறுத்துங்க சாமி."

நிறுத்தினார்கள். தறி நின்றால் உலை ஏறாத வீடுகள் அவை. சாக்கடைத் தகராறில் எங்களோடு பேச்சில்லாமல் இருந்த எதிர்வீட்டுக்காரர்கூட நிறுத்தினார். அந்தத் தெருவில் ஆடு கத்துவதை அன்றுதான் நான் அத்தனை தெளிவாகக் கேட்டேன். அவளுக்கு மட்டும் ராட்டை ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா அடுத்த மாத்திரையைக் குழைத்தாள்.

மறுநாள் மூச்சு மாறிவிட்டது. படுத்த படுக்கையாய்க் கிடந்தவள் மலையேறியவள்போல இழுத்து இழுத்து மூச்சுவிட்டாள். உடம்பு கொதித்தது, பாய் நனைந்தது. என்னையே யாரென்று கேட்டாள். "எப்பிடி வேக்குது பாரு, இன்னிக்கு உட்டுரும்" என்றாள் அம்மா. நான் போட்ட கூச்சலில்தான் அப்பா வண்டி கட்டினார்.

சேலத்தில் ஆஸ்பத்திரி டாக்டர், என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். அப்பா மடியிலிருந்து சீசாவை எடுத்து நீட்டினார். டாக்டர் அதை ஆட்டிப் பார்த்தார். கிட்டத்தட்டக் காலி.

"காது இரையுதுன்னு சொன்னாளா?"

"ஆமாங்க. அதுக்குத்தானுங்க தெருவுல அத்தன தறியும் நிறுத்திப்போட்டோம்."

டாக்டர் சீசாவை மேசைமேல் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். இந்த மாத்திரை அளவு மீறினால் முதலில் காது இரையும். அதுவே உடம்பைக் கொதிக்க வைக்கும், வேர்க்க வைக்கும், இப்படி மூச்சிழுக்க வைக்கும். ரத்தமே புளிப்பேறிக் கிடக்கிறது என்றார்.

"புளிப்ப எடுத்துர முடியாதுங்களா சாமி?" என்று அப்பா கேட்டார். அந்தக் குரல் இன்னும் என்னை விடவில்லை.

சோடா உப்பும் ஊசித் தண்ணீரும் ஏற்றிப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் போய்விட்டாள். அம்மா அழவில்லை. தேன் குழைத்த விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். யாரைத் திட்டுவது? எனக்கு ஆள் கிடைக்கவில்லை, இன்றுவரை.

அவளை வண்டியில் போட்டுக்கொண்டு விடிந்தபின் ஊர் வந்து சேர்ந்தோம். தெரு முனையிலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு சத்தமில்லை. அவர்களுக்கு இன்னும் சேதி தெரியாது. அவளுக்காக அத்தனை தறியும் நின்றுகொண்டிருந்தன.

அப்பா வண்டியிலிருந்து இறங்கி முதல் வீட்டு வாசலில் நின்றார்.

"தறியப் போடுங்க சாமி" என்றார். "இனி அவளுக்குக் கேக்காது."