சுவரில் ஒட்டிய சுவிட்சர்லாந்து

ஊறிய மண்ணும் புளித்த கூழும் கலந்த ஒரு வாசனை இரண்டு நாளாக என் விரல்களை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் பழைய வீட்டை இடிக்க முடிவாகியிருந்தது. பொக்லைன் மலையேறி வருவதற்குள் சுவரிலிருக்கும் ஏழு தபால் அட்டைகளைப் பெயர்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. வேலூரில் விடுப்புச் சொல்லி, போளூர் வந்து, மலை பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, ஈரத்துணியும் தோசைத் திருப்பியுமாகச் சுவர் முன்னால் நின்றேன். ஐம்பது வயது இடுப்புக்கு இதெல்லாம் வேண்டாத வேலை.

அந்த அட்டைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா வேலூரில் ஒரு டாக்டர் வீட்டுச் சமையல்காரர். நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது அந்தக் குடும்பம் மூன்று மாதம் சுவிட்சர்லாந்து போனது. ரசம் இல்லாமல் அவர்களுக்குச் சோறு இறங்காது. ஆகவே அப்பாவும் விமானம் ஏறினார். அங்கிருந்து ஏழு அட்டைகள் போட்டார். முன்பக்கம் வண்ணப் படம், பின்பக்கம் அப்பாவின் கோழிக் கிறுக்கல்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் அப்போது எழுத்துக் கூட்டவே ஆரம்பிக்கவில்லை. தபால்காரர் படித்துச் சொல்கிறேன் என்றபோது அம்மா அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"புருஷன் எழுதினத ஊரான் வாயாலயா கேக்கணும்? அவரே வந்து சொல்லட்டும்."

ஒவ்வொரு அட்டை வந்த அன்றும் கேழ்வரகுக் கூழை வழித்து, படம் வெளியே தெரியும்படி சுவரில் ஒட்டிவிட்டாள். எங்கள் ஊரில் சாமி படமும் காலண்டரும் அப்படித்தான் ஒட்டுவார்கள். இதற்கென்று யார் கடைக்குப் போய்ப் பசை வாங்கினார்கள்?

அப்பா வந்தார். எழுத்தைச் சொல்லவில்லை, படத்தைச் சொன்னார். அவர் மலைக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட்டு முடித்ததும், "கெளம்புங்க, கெளம்புங்க" என்பார். தம்பி பனிக்காகக் கம்பளியைச் சுற்றிக்கொள்வான். அம்மா வழிக்கு வேர்க்கடலை வறுத்து மடியில் கட்டிக்கொள்வாள். நான்கு பேரும் சுவர் முன்னால் போய் நிற்போம். அட்டையிலிருந்த லூசர்ன் ஊர் மரப்பாலத்தில் கடலை தின்போம். மூன்றாவது பலகை முனகும், பார்த்துக் கால் வை என்பார் அப்பா. பனியை வாயில் போட்டால் லேசாகத் தித்திக்குமாம். மணி கட்டிய மாடுகள் வரும்போது அம்மாவுக்கு வேறு எதுவும் தெரியாது.

"இது எவ்ளோ கறக்கும்?"

"இருவது லிட்டரு."

"பொய்யி."

"நான் பாத்தேன்டி!"

இதையெல்லாம் நம்பி வளர்ந்தவள் நான். உடன் வேலை செய்யும் பெண் ஒருத்தி அங்கே போய்வந்து கைபேசியில் படம் காட்டியபோது, அந்த மூன்றாவது பலகை இன்னும் முனகுகிறதா என்று விசாரித்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பின்னால இன்னா நைனா எழுதின?" என்று அப்பாவைக் கேட்டால், "அதான் வாயால சொல்றேனே" என்பார். மூன்றாம் வகுப்பில் ஒரு ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்து அம்மாவிடம் அறை வாங்கினேன். பிறகு படிப்பு, வேலை, கல்யாணம், நானும் மறந்துபோனேன். அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. சுவர் போகிறது என்று தெரிந்ததிலிருந்துதான் அம்மாவுக்கு இந்தத் தவிப்பு.

"எனக்குன்னு அவரு எழுதினது அவ்ளோதான். அதக் கேக்காம நான் போய்ட்டா?"

நான்கு அட்டைகள் கையிலேயே கூழாகிவிட்டன. இரண்டில் படம் மட்டும் உரிந்து வந்தது, எழுத்து மண்ணோடு போயிற்று. ஏரி இருந்த ஏழாவது அட்டை மட்டும் முழுசாக வந்தது. மை மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது.

"நான் எங்கேயும் போகவில்லை. காலையில் அவர்கள் கிளம்பினால் இருட்டித்தான் வருகிறார்கள். எனக்கு அடுப்படிதான். ஜன்னலில் எதிர்வீட்டுச் சுவர் தெரிகிறது. இந்தப் படங்களில் இருக்கும் ஊர் எதையும் நான் பார்க்கவில்லை. பேச ஆள் இல்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். பிள்ளைகளிடம் சொல்லாதே."

"இன்னா எழுதிகீறாரு?" என்றாள் அம்மா.

நலம், நலமறிய ஆவல் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பொய் சொல்லவும் தெம்பு வேண்டும். எழுதியிருந்தபடியே படித்தேன்.

அம்மா அட்டையை வாங்கி எழுத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"என்கிட்ட மட்டும் சொல்லிகீறாரு. நான் கூழப் பூசி மூடிட்டேன்."

மறுநாள் பொக்லைன் வந்தது. வீடு விழ அரைமணி நேரம்கூட ஆகவில்லை. பக்கத்து வீட்டில் இருந்த அம்மா வெளியே வந்து பார்க்கவில்லை. மனிதர் அங்கே தனியாகக் கிடந்ததை அவள் தெரிந்துகொள்ள நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சாப்பிட்டியா, தூங்கினியா என்று கேட்க இப்போது அவர் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.