சொல்லாத பேரும் பார்க்காத கடலும்

ஜப்பான் சண்டை மூளுவதற்கு முந்தின வருஷம், ஆனி மாதம். எனக்குக் கல்யாணமாகி நாலே மாதம். மலாயாவில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்து, என் வீட்டுக்காரர் அடுத்த வாரம் கப்பலேற வேண்டும். நானோ எங்கள் ஊர் குளத்தூரைத் தாண்டி எதையும் பார்க்காதவள். “டவுனு, மலை, கடலு. மூணையும் ஒனக்குக் காட்டிட்டுத்தான் கப்பல்ல கால் வைப்பேன்” என்று சொல்லிவிட்டார்.

முதல் நாள் புதுக்கோட்டை. நூல் பிடித்த மாதிரி நேர் நேராகத் தெருக்கள். மியூசியத்தில் பஞ்சடைத்து வைத்திருந்த மிருகங்களைக் கண்டு நான் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மறுநாள் நார்த்தாமலை. ஏறுவதற்கு முன்னால் பனையோலைப் பட்டையில் பதநீர் வாங்கிக் கொடுத்தார். அப்படியொரு ருசி! மேலே போனதும் கிழக்கே கையை நீட்டினார்.

“அந்தா, அங்கிட்டுத்தான் கடலு. நாளைக்கு ஒங் காலை நனைச்சிருவோம்.”

எனக்கு வெயிலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. தெரிகிற மாதிரித் தலையாட்டி வைத்தேன்.

மூன்றாம் நாள் பஸ் ஆவுடையார்கோவிலில் நின்றது. திருவிழாக் கூட்டம், மேளச் சத்தம். கடற்கரைக்கு அன்றைக்கு அந்த ஒரு பஸ்தான். ரோட்டோரம் பதநீர்ப் பானையைப் பார்த்தவர், “இரு, ஒனக்கு வாங்கியாரேன்” என்று இறங்கிப் போனார். அதற்குள் டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

“ஐயா, நிறுத்துங்க! அவுக வரல!” என்றேன்.

“பேரைச் சொல்லுங்கம்மா, கூப்பிடுறேன்” என்றார் கண்டக்டர்.

புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். முப்பது அடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். ஒரு பேர், ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். “ஏங்க!” என்று கத்தினேன். ஏழெட்டு ஆம்பிளைகள் திரும்பினார்கள், அவர் திரும்பவில்லை. வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கண்டக்டருக்குப் பொறுமை போய்விட்டது. நான் அழுதுகொண்டே இறங்கினேன். பஸ் போய்விட்டது.

அவர் பதநீர் சிந்தாமல் திரும்பி வந்து, விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “எம் பேரு என்ன மியூசியத்துப் புலியா, கடிச்சிருமா? இப்பவாச்சும் ஒரு தடவை சொல்லு, கேப்போம்.”

“போங்க” என்றேன்.

“சரி விடு. மலாயாவுலேருந்து திரும்பி வரும்போது கடலைக் காட்டுறேன்.”

மலாயாவிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. பிறகு சண்டை வந்தது. சண்டை முடிந்து கப்பல் கப்பலாக ஆட்கள் திரும்பினார்கள். அவர் வரவில்லை. இருக்கிறாரா, இல்லையா என்று சொல்லவும் யாருமில்லை.

பின்னொரு நாள் என் தம்பி கோட்டைப்பட்டினத்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போனான். காலை நனைத்துக்கொண்டு நின்றேன். இந்தத் தண்ணீருக்கு அங்கிட்டுத்தானே அவர் என்று நினைத்ததும் வாய் வரைக்கும் அந்தப் பேர் வந்தது. விழுங்கிவிட்டேன். பாவி நான், அன்றைக்குச் சொல்லியிருந்தால் இதே தண்ணீரில் இரண்டு பேரும் நின்றிருப்போம்.

இத்தனையும் எழுதிவிட்டு அவர் பேரை மட்டும் எழுதவில்லை, பார்த்தீர்களா? எங்காவது உயிரோடு இருந்தால், என்னால் அவர் ஆயுசு குறைந்துவிடக் கூடாதே என்று இன்றைக்கும் ஒரு நப்பாசைதான்.