எண்ணெய் வழியும் முகம்

என் முகத்தைப் போல அருவருப்பான ஒரு முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. காலையில் கழுவினால் பத்து மணிக்குள் பலகாரம் சுட்ட சட்டி மாதிரி மினுங்கும். மூக்கோரம் கரும்புள்ளி, தாடை முழுக்கப் பரு, அதில் பாதி சீழ் வைத்தது. தொட்டால் விரலில் பிசுக்கு ஒட்டும். சீ! இந்த லட்சணத்தில் எனக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? மலேசியாவில், ஈப்போ டவுனில் ஒரு பெரிய கடையில், முகம் கழுவுகிற சாமான் விற்கும் கௌண்டர்!

எழுபதுகளின் கடைசி அது. பதினேழு வயதில் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு ஒரு வருடம் அம்மாவோடு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவள் நான். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. கையெல்லாம் பால், தலைமயிரில் பால். மரத்தில் பால் வடிகிற மங்குக் கிண்ணத்தில் காய்ந்துபோன ஒட்டுப்பாலை உரித்துச் சாக்கில் திணிக்கும்போது செத்த எலி நாற்றம் அடிக்கும். எத்தனை தடவை குளித்தாலும் போகாது. கடையில் எனக்கு மூன்று மாதம் தவணை கொடுத்திருந்தார்கள். தேறாவிட்டால் மறுபடியும் அந்தச் சாக்குதான்.

சூப்பர்வைசர் ஒரு சீனப் பெண்மணி. முதல் நாளே என் தாடையை இரண்டு விரலால் தூக்கி, கோழி வாங்குகிறவள் மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நீ யாருக்கு விப்பே? சரி பண்ணு, இல்லேன்னா போயிட்டே இரு லா" என்றாள் மலாயில். பார்த்து முடித்ததும் விரலை டிஷ்யூவில் துடைத்துக்கொண்டாள்.

தோட்டத்தில் எங்களுக்குத் தெரிந்த சுத்தம் ஒன்றே ஒன்றுதான். கையில் பட்ட பாலைக் காயவிட வேண்டும். காய்ந்ததும் தேய்த்தால் திரி திரியாக உருண்டு, அழுக்கையும் இழுத்துக்கொண்டு வந்துவிடும். பிறகு துணி துவைக்கிற கட்டிச் சவுக்காரத்தைப் போட்டு, தோல் இழுத்துப் பிடிக்கிறவரை தேய்க்க வேண்டும். கௌண்டரில் சாம்பிளுக்குத் திறந்து வைத்திருந்த ஒரு போத்தலில் வெள்ளையாக, கெட்டியாக என்னமோ இருந்தது. பார்க்க அப்படியே மரத்துப் பால். எனக்குத் தெரியாததா இது என்று கொஞ்சம் எடுத்துப் போய், வாடகை அறையில் முகம் முழுக்க அப்பிக்கொண்டு காற்றாடிக்கு முன்னால் உட்கார்ந்தேன். காயவே இல்லை, சனியன்! ஒரு மணி நேரம் கழித்துத் தேய்த்தால் ஒரு திரிகூட உருளவில்லை. மேலே இன்னொரு பூச்சுப் பூசினேன். அப்புறம் சவுக்காரத்தால் பறட் பறட்டென்று தேய்த்தேன். ஒரு வாரம் விடாமல் இதே கூத்து. கடைசியில் பருவெல்லாம் உடைந்து தலையணை உறையில் மஞ்சள் மஞ்சளாகத் திட்டு. சொல்லவே வாய் கூசுகிறது.

சூப்பர்வைசர் விஷயத்தைக் கேட்டு "ஐயே!" என்று முகத்தைச் சுளித்தாள். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். நான் பூசியது வறண்ட தோலுக்கானது, பூசிய உடனே துடைத்தெடுக்க வேண்டியது. எண்ணெய்த் தோலுக்கு நுரைக்கிற சாமான். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, அவ்வளவுதான். உள்ளங்கையில் நுரைத்து, தேய்க்காமல் தடவி, பச்சைத் தண்ணீரில் அலசி, துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். சவுக்காரத்தால் எண்ணெயை ஒட்ட உரித்தால் தோல் இன்னும் கக்குமாம். கடைசியாக, "தோட்டத்து ஆளுங்க வந்தா சீக்கிரம் அனுப்பிடு. அந்த நாத்தத்துக்கு நல்ல கஸ்டமர் ஓடிப்போயிருவாங்க" என்றாள். நான் தலையாட்டினேன். தலையாட்டியதோடு விட்டேனா? தோட்டத்துப் பெண்கள் வந்து போனால், அவர்கள் திரும்பிப் பார்க்கும்போதே சென்ட்டை எடுத்து அடித்தேன்.

இரண்டு மாதத்தில் பரு அடங்கியது. தவணை முடிய ஒரு வாரம் இருக்கும்போது, சனிக்கிழமை மத்தியானம், அம்மா வந்துவிட்டாள். கையில் தூக்குச்சட்டி. குளித்து, பவுடர் போட்டு, நல்ல சேலைதான் கட்டியிருந்தாள். இருந்தும் அந்த நாற்றம் அவளுக்கு முன்னால் வந்து என் மூக்கில் ஏறியது. எனக்குக் குமட்டியது. பெற்ற தாயைப் பார்த்து! பக்கத்தில் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன வேணும் ஆன்ட்டி?" என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். சூப்பர்வைசரைப் பார்த்தாள். தூக்குச்சட்டியை மெதுவாகப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"எண்ணெய் வழியிற முகத்துக்கு நல்லதாப் பாத்துக் குடுங்க தங்கச்சி. எனக்கில்ல, எம் மவளுக்கு."

என்னை 'ங்க' போட்டுப் பேசினாள். நானும் வெட்கமில்லாமல் போத்தலை எடுத்து வைத்து, காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, தேய்க்கக் கூடாது என்று ஒப்பித்தேன். "சரிங்க, அவகிட்ட சொல்லிர்றேங்க" என்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். காசைக் கொடுத்தாள். போத்தலையும் தூக்குச்சட்டியையும் எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

சூப்பர்வைசர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தெரிஞ்சவங்களா?" என்று மலாயில் கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

அம்மாவுக்கு மலாய் நன்றாகத் தெரியும். அப்போது அவள் இரண்டு எட்டுக்கூட வைத்திருக்கவில்லை.