அழிக்கச் சொன்ன பதிவு

மருத்துவ உளவியலில் முனைவர் பட்டம் வாங்க ஐந்து வருஷம் போதும் என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். அவளுக்கு இது ஏழாவது வருஷம். சேர்ந்தபோது ஒன்றாம் வகுப்பில் இருந்த மகள் இப்போது அம்மாவின் தோளைத் தாண்டி வளர்ந்து, "நான் காலேஜ் முடிக்கறதுக்குள்ள நீ படிச்சு முடிச்சிடுவியாம்மா?" என்று கேட்கிறாள். கணவரின் அண்ணனோ வீட்டுக்கு வரும்போதெல்லாம், "என்ன டாக்டரம்மா, இன்னும் டாக்டர் ஆகலையா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். முன்பெல்லாம் சுருக்கென்று கோபம் வரும். இப்போது கோபப்படவும் தெம்பு வேண்டியிருக்கிறது.

ஆய்வேடு எழுதியாகிவிட்டது. மிச்சம் ஒன்றே ஒன்றுதான். யாராவது ஒருவருக்கு முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை சிகிச்சை கொடுத்து, அத்தனை பேச்சையும் பதிவு செய்து தேர்வுக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் வாங்க மாட்டார்கள். பேசுகிறவர் முதலில் சம்மதிக்க வேண்டும். சம்மதித்தவர், ஒப்படைக்கும் வரை எப்போது வேண்டுமானாலும் மனசை மாற்றிக்கொள்ளலாம். இந்த விதியை எல்லோரிடமும் முதல் நாளே சொல்வாள். யாரும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. முதலில் வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். அடுத்தவருக்கு வேலை மாற்றல் வந்துவிட்டது. மூன்றாவதாக வந்தவர்தான் இந்த கிளார்க் அம்மா.

பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. இவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நெஞ்சு அடைக்கிறது, தூக்கமில்லை. டாக்டர்கள் எல்லாம் பார்த்து, உடம்பில் ஒன்றுமில்லை என்று இங்கே அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லாமல் என்ன? யார் எதைக் கேட்டாலும் "பரவாயில்ல, குடுங்க" என்று வாங்கித் தலையில் போட்டுக்கொள்வார். பக்கத்து மேஜைக்காரரின் வேலை, நாத்தனாரின் பிள்ளைகள், தெருவில் போகிற வம்பு எல்லாம் இவர் பொறுப்பு. 'முடியாது' என்ற வார்த்தை மட்டும் வாயில் வராது. அவள் ஹெட்மாஸ்டர் மாதிரி நடித்து, "இந்த ஃபைலை மட்டும் முடிச்சுக் குடுங்களேன்" என்று கேட்டுப் பழக்கினாள். "சரிங்க சார்" என்று நடிப்பிலேயே கையை நீட்டினார் கிளார்க். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த ஜன்னல் இல்லாத அறையில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

கடைசி நாள் வந்தது. தூக்கம் பரவாயில்லை, நெஞ்சடைப்பும் இல்லை என்றார் கிளார்க். மேஜைமேல் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்குக் கொடுத்துவிட்டு நாள் முழுக்கத் தூங்க வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், ஒண்ணு சொல்லணும்." கிளார்க் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே பேசினார். "எங்க அம்மாவைப் பத்தி இங்க நிறையப் பேசிட்டேன். அதை இன்னும் நாலு பேர் உக்காந்து கேக்கறது எனக்குப் பிடிக்கல. குடுக்க வேணாம். எல்லாத்தையும் அழிச்சிடுங்க."

ஊரில் இத்தனை பேர் இருக்க, இந்த அம்மாவின் முதல் 'முடியாது' என் தலையிலா விடிய வேண்டும் என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. கூடவே, இதற்குத்தானே இத்தனை மாதமாகப் பாடுபட்டோம் என்று சந்தோஷமும் வந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கினாள்.

"உங்களுக்கு இதனால ஏதும் சிக்கல் இல்லையே?" என்று கேட்டார் கிளார்க்.

"அதை நான் பாத்துக்கறேன். நீங்க சொன்னபடியே அழிச்சிடறேன்."

கிளார்க் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். அவள் ரெக்கார்டரைக் கையில் எடுத்தாள். இன்னொருவரைத் தேடி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தால் இன்னும் ஒரு வருஷம். கணவரிடம் எப்படிச் சொல்வது, மகளிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது என்று தெரியவில்லை. விரல் அழுத்த மாட்டேன் என்றது.

கதவு திறந்தது. பாதிப் படி இறங்கிய கிளார்க் திரும்பி வந்து நின்றார்.

"மேடம், உங்க முகம் வாடிப்போச்சு. நான் யோசிக்காம சொல்லிட்டேன். வேணும்னா குடுத்துடுங்க. பரவாயில்ல."

அதே பரவாயில்ல. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்; ஏழு வருஷம் முடிந்துவிடும். உடம்பு மொத்தமும் அந்த வார்த்தைக்கு ஏங்கியது.

"அழிச்சிட்டேங்க," என்றாள்.

கிளார்க் அவள் கையில் இருந்ததைப் பார்த்தார். அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். "நல்லதாப் போச்சு," என்று சொல்லிவிட்டுப் போனார். செருப்புச் சத்தம் படியின் அடிவரை இறங்குவது கேட்டது.

ரெக்கார்டர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நிறுத்தினாள். பிறகு முதல் நாளில் ஆரம்பித்து, இப்போது சொன்ன பொய் வரைக்கும் ஒவ்வொன்றாக அழித்தாள்.